வளைகுடாவின் கிழமைக் கணக்கும் நோன்பு மாதமும்: ஆள் அனுப்பும் ஊர்கள் அறிய வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரமலான் நெருங்கியதும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சஹர் (விடியுமுன் உண்ணும் உணவு), நோன்பு திறப்பு நேர அட்டவணை வந்துவிடுகிறது. மிகவும் பயனுள்ள அட்டவணை அது. வளைகுடா வேலை விளம்பரங்களும் அதே பக்கத்தில்தான் வருகின்றன: எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் லீவு, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று. ஆனால் அந்த நாட்டில் வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது, நோன்பு மாதத்தில் அந்த எட்டு மணி நேரம் என்ன ஆகிறது என்ற விவரம் அட்டவணையிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகும் ஊர்களில் இது ஓரளவு பழகிய விஷயம். கமுதி, முதுகுளத்தூர், திருவாடானை, பாம்பன் பக்கமிருந்து முதன்முதலாக டிரைவர் வேலைக்கும் கொத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் படகு வேலைக்கும் போகிறவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். நோன்பு வைக்காதவர்களின் அன்றாடத்தையும் நோன்பு மாதம் மாற்றிப்போடும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கிழமை. வளைகுடாவில் வியாழனும் வெள்ளியும் லீவு என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சவூதி அரேபியா 2013 ஜூன் கடைசியில் அதை வெள்ளி, சனி என்று மாற்றிவிட்டது. ஓமன் அதே ஆண்டு மே மாதம் மாறியது; குவைத் அதற்கும் முன்பே, 2007-ல். கத்தார், பஹ்ரைனிலும் வெள்ளி, சனிதான். ஐக்கிய அரபு அமீரகம் மட்டும் 2022 ஜனவரியிலிருந்து தனி வழி: அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி பாதி நாள் வேலை, சனி ஞாயிறு லீவு. அதற்குள்ளும் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அரசு அலுவலகம் கிடையாது. ஜும்ஆ என்னும் வெள்ளித் தொழுகை நேரமும் அமீரகத்தில் மாறியிருக்கிறது. 2022-ல் 1.15 என்று வைத்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து 12.45. பழைய நேரத்தை நம்பிக் கிளம்பினால் குத்பா உரை முடிந்திருக்கும். மலேசியாவுக்குப் போகிறவர்கள் கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களிலும் வெள்ளி, சனி லீவு என்பதை நினைவில் வைத்தால் போதும். ஜொகூர் 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது.

மேலே சொன்ன கிழமைகள் அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் உரியவை. ஓமன் தவிர மற்ற வளைகுடா நாடுகளில் தனியார் கம்பெனியில் வாரம் ஒரு நாள்தான் சட்டப்படி உறுதி. அமீரகத் தொழிலாளர் சட்டம் குறைந்தது ஒரு நாள் ஓய்வு என்கிறது. எந்த நாள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சவூதியில் பொதுவாக வெள்ளி; தொழிலாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுச் சிலருக்கு வேறு நாள் கொடுக்க முதலாளிக்கு அனுமதி உண்டு, ஆனால் தொழுகைக்குப் போக விட வேண்டும். எனவே ஏஜென்ட் ‘வாரம் ரெண்டு நாள் லீவு’ என்றால் ஒப்பந்தத்தில் அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் ஒரு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு இந்தக் கிழமைக் கணக்கு ஏன் வேண்டும்? சவூதியில் அலுவலக வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. நம் ஊரில் அரசு அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை. இரண்டு பக்கமும் சேர்ந்து திறந்திருப்பது திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கே நாட்கள். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம் பின்னால். ரமலானில் சவூதி அலுவலகங்கள் பொதுவாகக் காலை 10 முதல் மதியம் 3 வரை நடக்கும். நம் கடிகாரத்தில் அது 12.30 முதல் 5.30. நம் வங்கிக் கவுன்டர் நான்கு மணிக்கு அடைத்துவிட்டால், இரு பக்கமும் ஆள் கிடைக்கும் நேரம் ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம்தான். பட்டணம்காத்தான் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை ‘ஏன் பதில் இல்லை’ என்று கேட்கிற குடும்பங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. வியாழன் மதியத்துக்குள் அங்கே போய்ச் சேராத தாள் ஞாயிறு வரை யார் மேசையிலும் ஏறாது.

பணம் அனுப்புவதில் வரும் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் கடைகள் வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும், ஜும்ஆவுக்கு மட்டும் அடைப்பார்கள். நம் பக்கம் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. பிறகு ஏன் பணம் மூன்று நாள் தொங்குகிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பெயர் பொருந்தாமை: இகாமாவில் (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) அப்பா பெயர் சேர்ந்து நான்கு துண்டாக இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலோடு ஒரு துண்டாக இருக்கும். இரண்டு, பழைய ஐஎஃப்எஸ்சி எண். பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. 2020-ல் சிண்டிகேட் வங்கி கனராவோடும் ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் இணைந்தன. எக்ஸ்சேஞ்ச் கடைக் கணினியில் பழைய எண்ணே பதிந்து கிடந்தால் பணம் திரும்பும், அல்லது ஆள் பார்த்துச் சரிசெய்யும்வரை நிற்கும். ஆள் பார்ப்பது வேலை நாளில்தான். வியாழன் இரவு அனுப்பிய பணம் இப்படி நின்றால் அங்கே வெள்ளி, சனி, இங்கே சனி, ஞாயிறு எல்லாம் கழித்துத் திங்கள்தான் அசையும். செய்ய வேண்டியது எளிது: பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் புதிதாக அச்சிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். ரமலானுக்கு முன்பே ஒரு சிறு தொகை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பெருநாள் செலவுக்கான பணத்தை இருபதாம் நோன்புக்குள் அனுப்பச் சொல்லுங்கள். ரமலானின் கடைசிப் பத்து நாளில் கடை வாசலில் வரிசை தெருவரை நிற்கும், பெருநாளையொட்டி வங்கிகள் நாலைந்து நாள் தொடர்ந்து அடைத்துக் கிடக்கும். வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை ரூபாய்ச் சந்தை மூடியிருப்பதால் அந்த இடைவெளியில் கடைக்காரர்கள் கொஞ்சம் குறைத்தே விலை கொடுப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி ரமலான் வேலை நேரம். இங்கேதான் தவறான தகவல் அதிகம். நோன்பு மாதம் எல்லாருக்கும் பாதி நாள் வேலை என்று சொல்கிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமீரகத்தில் தனியார் ஊழியர் எல்லாருக்கும், எந்த மதத்தவராயினும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் குறைவு. கத்தாரிலும் குவைத்திலும் வாரம் 36 மணி நேரம். அங்கும் மத வேறுபாடு சட்டத்தில் இல்லை. சவூதியிலும் பஹ்ரைனிலும் நாளைக்கு ஆறு மணி நேரம், வாரம் 36, ஆனால் முஸ்லிம் ஊழியருக்கு மட்டும். ஓமனில் முஸ்லிம்களுக்கு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரம் 30. ஆக, தம்மாமில் ஒரே சைட்டில் நிற்கும் ராமநாதபுரத்துக்காரர் இருவரில் ஒருவருக்கு ஆறு மணி நேரம், இன்னொருவருக்கு எட்டு மணி நேரம் என்று நேரக்குறிப்பு போடுவது சட்டப்படி சரிதான். தோஹாவில் அப்படிப் போட்டால் தவறு.

நேரம் குறைவதால் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. குறைந்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அது ஓவர்டைம். சவூதியில் ஓவர்டைம் மணிக்கு, அந்த மணி நேரக் கூலியோடு அடிப்படைக் கூலியில் பாதி சேரும். முஸ்லிம் தொழிலாளி ஒருவர் ரமலான் முழுவதும் வழக்கம்போல எட்டு மணி நேரம் பார்த்தால், 26 வேலை நாளுக்கு 52 மணி நேரம் ஓவர்டைம் சேர வேண்டும். சிறிய தொகை அல்ல. அது எப்படிக் கைநழுவுகிறது என்று பார்த்தால், சம்பளம் ஆங்கில மாதத்துக்கு, நோன்பு பிறை மாதத்துக்கு. 2026-ல் சவூதி நாட்காட்டிப்படி ரமலான் பிப்ரவரி 18-ல் தொடங்கியது. எனவே ஓவர்டைம் பிப்ரவரிச் சீட்டில் கொஞ்சம், மார்ச் சீட்டில் மீதி என்று பிரியும். பிப்ரவரிச் சீட்டு ஃபோர்மேன் கைக்குப் போகும்போது யாரும் நோன்பு நாளைத் தனியாகப் பிரித்து எழுதுவதில்லை. அந்தப் பதினொரு நாள் அப்படியே போய்விடும். தினமும் நேரச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும், சீட்டில் நோன்பு நாள் எண்ணைக் குறிக்கச் சொல்வதும்தான் வழி. சம்பளம் வங்கி வழியாக வருவதால் பதிவு இருக்கும், புகார் கொடுக்கவும் முடியும். நேரச் சீட்டு இல்லாத புகார் நிற்காது.

வீட்டு வேலைக்காரர்களுக்கும் ஹவுஸ் டிரைவர்களுக்கும் இந்த ஆறு மணி நேரச் சட்டம் எதுவுமே கிடையாது. அவர்கள் தனிச் சட்டத்தில் வருகிறார்கள். குவைத்தின் 2015 சட்டம் நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை, இடையில் ஓய்வு, வாரம் ஒரு நாள் லீவு என்கிறது. கத்தாரில் பத்து மணி நேரம். அமீரகத்தில் நாளைக்கு 12 மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தொடர்ச்சியாக. நம் மாவட்டத்தில் இருந்து போகிறவர்களில் இந்த இரண்டு வேலைக்காரர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரமலானில் அரபி வீட்டின் பகல் சுருங்கி இரவு நீளும். ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு வீடே உறங்கும். பள்ளிக்கூடம் தாமதமாகத் தொடங்கும். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பின்தான் வீட்டுக்காரர்கள் எழுந்து நடமாடுவார்கள். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு சமையலறை சூடு பிடிக்கும். ஹரீஸுக்கு முந்தைய இரவே கோதுமை ஊறப்போட்டிருக்க வேண்டும். அது இறைச்சியோடு மணிக்கணக்கில் வெந்து மசிய வேண்டும். சமூசா நூற்றுக்கணக்கில் மடித்துப் பனிப்பெட்டியில் வைப்பது ரமலானுக்கு முந்தின வாரத்து வேலை. தினமும் எடுத்துப் பொரிப்பது மாலை வேலை. லுகைமாத் உருண்டை மட்டும் கடைசி நேரத்தில்தான் எண்ணெயில் போடுவார்கள், சூடு ஆறினால் தொய்ந்துவிடும். தானும் நோன்பிருந்துகொண்டு, பசியும் தாகமும் உச்சத்தில் இருக்கும் கடைசி அரை மணி நேரத்தில் கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கிற பெண்ணுக்குத்தான் கை சுடும். எண்ணெய்ச் சட்டியைப் பின் அடுப்பில் வைக்க வேண்டும். பொரியல் வேலையைப் பாங்குக்குக் கால் மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும். தனக்கென்று ஒரு பேரீச்சம்பழமும் ஒரு தம்ளர் தண்ணீரும் சமையலறையிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மேசைக்கு எல்லாம் போன பிறகு தனக்கு என்று நினைத்தால் நோன்பு திறக்கவே அரை மணி நேரம் ஆகிவிடும். தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகைக்குப் பிறகு விருந்தாளிகள் வருவார்கள். குவைத், பஹ்ரைன், கத்தார் வீடுகளில் நள்ளிரவை ஒட்டி இன்னொரு விருந்து உண்டு. ரமலான் நடுவில், பிறை 13 முதல் 15 வரை, சின்னப் பிள்ளைகள் வாசல் வாசலாக வந்து மிட்டாயும் கொட்டைகளும் வாங்கிப்போகும் வழக்கம் இருப்பதால், அதற்குப் பை கட்டும் வேலையும் சேரும். பிறகு சஹர். இந்த மாதம் தூக்கம் ஒரே நீட்டாகக் கிடைக்காது. ஃபஜ்ருக்குப் பின் ஒரு துண்டு, லுஹருக்குப் பின் ஒரு துண்டு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதை வீட்டுக்காரியிடம் முதல் நாளே பேசி வைப்பது நல்லது. ‘மாமா (அங்கே வீட்டுக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), இந்த நேரம் நான் படுக்கட்டுமா’ என்று தன்மையாகக் கேட்டால் மறுக்கிற வீடு குறைவு.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கவனிக்க: நமக்கு நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடித்து ஓய்வாக உட்காரும் இரவு ஏழு, எட்டு மணிதான் ரியாத்திலும் குவைத்திலும் சமையலறை கொதிக்கும் நேரம். அப்போது மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகிவிடவில்லை. நம் நேரம் பிற்பகல் இரண்டரை முதல் நான்கு மணிக்குள் கூப்பிட்டால் அங்கே நண்பகல், பேச இடம் இருக்கும்.

டிரைவருக்கு இன்னொரு கணக்கு. மஃரிபுக்கு, அதாவது நோன்பு திறக்கும் அந்தி நேரத்துக்கு, முந்தின ஒரு மணி நேரம்தான் வளைகுடாச் சாலைகளில் மிக மோசமான நேரம். எல்லாரும் வீட்டுக்குப் பறப்பார்கள், எல்லாருக்கும் தலை கிறுகிறுக்கும். அந்த நேரத்தில் வெளியே நிற்கும்படி வேலை அமைந்தால் சிக்னல்களில் இளைஞர்கள் நீட்டும் பேரீச்சம்பழ, தண்ணீர்ப் பொட்டலத்தை வாங்கி அங்கேயே நோன்பு திறந்துகொள்ளலாம். வீட்டுக்குப் போய்த்தான் திறப்பேன் என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டாம். பெரிய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நகரத்துக்குள் நுழையத் தடையுள்ள மணி நேரங்கள் ரமலானில் மாறும், முதல் நாளே கம்பெனியில் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்பு வைக்கலாமா என்பதை ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டும், ரமலான் இரண்டாம் நாள் அல்ல. சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் மணி எதுவானாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. விரலில் குத்தி அளவு பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை ஆலிம்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முறியும் என்று பயந்து அளவே பார்க்காமல் வண்டி ஓட்டுவதுதான் ஆபத்து.

நோன்பில்லாதவர்களுக்கு ஒரே ஒரு பெரிய எச்சரிக்கை. பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, புகை பிடிப்பது, சூயிங்கம் மெல்லுவது எதுவும் கூடாது. குவைத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மதம் பார்ப்பதில்லை. வண்டிக்குள் கண்ணாடி ஏற்றிவிட்டுக் குடித்தாலும் பொது இடம்தான். துபாயில் உணவகங்கள் பகலில் திறந்திருக்கின்றன, 2021-லிருந்து திரை கட்டவும் தேவையில்லை. அதைப் பார்த்துப் பழகியவர் குவைத்துக்கோ சவூதிக்கோ மாறிப்போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறார். தங்குமிட அறைக்குள், கம்பெனி மெஸ்ஸுக்குள் சாப்பிடத் தடையில்லை. சைட்டில் நிற்கும் இந்து, கிறிஸ்தவத் தொழிலாளர்களுக்கு நிழலான, மறைவான இடமும் தண்ணீரும் கொடுப்பது ஃபோர்மேன் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்து மயங்கி விழுவதற்கு எந்த மார்க்கமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

படகு வேலைக்குப் போகும் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மீனவர்களுக்குக் கடலில் கிழமை ஏது, நோன்பு ஏது என்று தோன்றும். கரை ஏறினால் தெரியும். கடைகள் பெரும்பாலும் பகலில் மூடி இரவில் திறக்கும், அலுவலகம் பகலில் சில மணி நேரமே இருக்கும். டீசல், ஐஸ், ரேஷன் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கேற்ப முன்கூட்டியே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பிறை விஷயத்துக்கு வருகிறோம். சவூதியில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னால் நோன்பு தொடங்கும். 2025-ல் அங்கே மார்ச் 1, இங்கே மார்ச் 2. பெருநாள் அங்கே 30, இங்கே 31. அதே ஆண்டு ஓமன் சவூதியோடு நோன்பைத் தொடங்கி, நம்மோடு 31-ல் பெருநாள் கொண்டாடியது. ஆகவே ‘வளைகுடாவில் பெருநாள்’ என்று ஒரே வரியில் செய்தி போடுவதைத் தங்கள் நாளிதழ் தவிர்த்து, நாட்டின் பெயரைப் போட்டு எழுதினால் குழப்பம் குறையும். நடு ரமலானில் அங்கிருந்து ஊருக்கு வருகிறவர் ஊர்ப் பிறையைத்தான் பின்பற்ற வேண்டும். அவருக்கு 31 நோன்பு ஆனாலும் ஊரோடு சேர்ந்து வைக்க வேண்டும். இங்கிருந்து அங்கே போகிறவருக்கு 28-லேயே பெருநாள் வந்துவிட்டால் பெருநாள் கொண்டாடிவிட்டுப் பிறகு ஒன்றைக் களாச் செய்ய வேண்டும், அதாவது குறைந்த நோன்பைப் பின்னர் வைக்க வேண்டும். விமானத்தில் மேற்கே போகிறவருக்கு அன்றைய நோன்பு நீளும். பிப்ரவரி கடைசியில் இங்கே 5.20 வாக்கில் சஹர் முடித்து மதுரையிலிருந்து ஏறி ஜித்தாவில் நோன்பு திறந்தால், நம் கடிகாரத்தில் இரவு ஒன்பதை ஒட்டிவிடும். பதிமூன்று மணி நேர நோன்பு பதினைந்தரை மணி நேரம் ஆகிறது. பயணிக்கு அன்றைய நோன்பை விட்டுப் பிறகு வைக்கும் சலுகை இருக்கிறது, முடியாதவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் போடும்போது பெருநாளை இந்தத் தேதி என்று முடிவு செய்துவிட வேண்டாம். சவூதித் தனியார் நிறுவனங்களில் பெருநாள் லீவு நான்கு நாள். நாட்காட்டிப்படி ரமலான் 29 முடிந்த மறுநாளே தொடங்கிவிடும், பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அந்த முதல் நாளுக்கு டிக்கெட் போட்டால் பெரும்பாலும் ஊர்ப் பெருநாளுக்கு வந்து சேரலாம். புதிதாக வேலைக்குப் போகிறவர் மட்டும், விசாவின் காலம் இடம் கொடுத்தால், ரமலானுக்கு முன்போ பெருநாள் கழிந்து ஒரு வாரம் கழித்தோ போவது நல்லது. நோன்பு மாதத்தில் போய் இறங்கினால் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, இகாமா எல்லாம் இழுக்கும். இகாமா கைக்கு வரும்வரை வங்கிக் கணக்கும் இல்லை, முதல் சம்பளமும் தள்ளிப்போகும்.

கடைசியாக, அவசரம். தாயார் மருத்துவமனையில் என்று வியாழன் இரவு தகவல் போகிறது. ‘ஆபீஸ் லீவு, ஞாயிறுதான் முடியும்’ என்று பதில் வருகிறது. சவூதியில் போய்வரும் விசாவை அப்ஷர், முகீம் என்ற இணையதளங்கள் வழியாக எந்த நேரமும் எடுக்கலாம், வெள்ளி இரவிலும் எடுக்கலாம். இரண்டு மாதம் வரையிலான ஒரு முறைப் பயணத்துக்குக் கட்டணம் 200 ரியால். எனவே லீவு என்பது காரணமாகாது. கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் கைபேசியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மேலாளரின் எண்ணையும் கஃபீலின் (விசா கொடுத்த முதலாளி) எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

மரணம் நேர்ந்தால் கணக்கு கடினம். வியாழன் இரவு சவூதியில் ஒருவர் இறந்தால் வெள்ளி, சனி அலுவலகங்கள் இல்லை. தூதரகத்தில் அவசர அழைப்பு எண் எப்போதும் இருக்கும். ஆனால் தடையில்லாச் சான்று வாங்க வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். உடலை அங்கேயே அடக்கம் செய்வதானாலும் ஊருக்கு அனுப்புவதானாலும் இந்தச் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. குடும்பம் துயரத்தில் வெள்ளியைக் கழித்துவிடுகிறது. சனி, ஞாயிறு இங்கே அலுவலகமும் நோட்டரியும் கிடைப்பதில்லை. திங்கள் கடிதம் தயாராகி, செவ்வாய்தான் அங்கே சேர்கிறது. ஐந்து நாள் போய்விடுகிறது, கம்பெனிதான் இழுத்தடிக்கிறது என்ற பேச்சும் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை அங்கே லீவு என்றாலும் இங்கே வேலை நாள் என்பதை ஊர்க்காரர்கள் யாராவது ஒருவர் நினைவில் வைத்து, அன்று பகலுக்குள் முத்திரைத்தாளில் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை நோட்டரி சான்றோடு வாங்கிவிட வேண்டும். அதில் இறந்தவரின் பாஸ்போர்ட் எண், இகாமா எண், அங்கே காரியம் பார்க்க அதிகாரம் பெறுபவரின் பெயரும் இகாமா எண்ணும், உடல் எங்கே என்ற முடிவும் தெளிவாக இருக்க வேண்டும். ஸ்கேன் பிரதி சனிக்கிழமைக்குள் அங்கே போய்விட்டால், ஞாயிறு காலை அலுவலகம் திறக்கும்போது தாள் கையில் இருக்கும். பெருநாளையொட்டி நேர்ந்தால் இன்னும் நாலு நாள் கூடும். அதைக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிடுவது அவர்களுக்குச் செய்யும் உதவி.

தங்களிடமும் மற்றவர்களிடமும் கேட்பது இதுதான். ரமலான் அட்டவணைக்குக் கீழே நான்கு வரி இடம் ஒதுக்கி, நாடு வாரியாக லீவுக் கிழமை, ரமலான் வேலை நேரம், நம் நேரத்தோடு உள்ள வித்தியாசம் மூன்றையும் அச்சிடுங்கள். வெளிநாடு செல்வோருக்கான பயண முன் பயிற்சியில், அதிலும் வீட்டு வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போகிறவர்களுக்கு, இந்த விவரத்தைத் தமிழில் ஒரு தாளாக அயலகத் தமிழர் நலத்துறை கொடுக்க வேண்டும். ஜமாஅத்துகளும் பங்குத் தந்தையரும் ஊர்ப் பெரியவர்களும் சம்மதக் கடிதத்தின் மாதிரி ஒன்றைப் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஊர்ச் சாவடியிலும் ஒட்டி வைக்கலாம். மாதிரி தேவைப்படுவோருக்குத் தட்டச்சு செய்து தர எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வளைகுடாவில் பணியாற்றி ஊர் திரும்பிய வாசகர்கள்,
கீழக்கரை – பெரியபட்டினம்,
ராமநாதபுரம் மாவட்டம்.